98 நாளும் ஆறு மாதமும்

கிள்ளான் பள்ளத்தாக்கில் எந்த அரசாங்கக் கிளினிக்கின் தாய்சேய் பிரிவுக்குள் நுழைந்தாலும் தாய்ப்பாலின் பெருமை சுவரில் ஒட்டியிருக்கும். தாதியர் அதையே சொல்வார்கள், டாக்டரும் சொல்வார், வீட்டில் பாட்டியும் சொல்வார். மறுத்துப் பேசுகிறவர் யாரும் இல்லை. அப்படியிருந்தும், 2022-இல் நடந்த தேசிய உடல்நல ஆய்வின்படி மலேசியாவில் ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளில் 53.5 விழுக்காட்டினரே தாய்ப்பாலை மட்டும் குடித்து வந்தார்கள். 2006-இல் 14.5, 2016-இல் 47.1 என்று இருந்ததைப் பார்க்கும்போது இது பெரிய ஏற்றம்தான். ஆனாலும் எல்லாரும் ஒப்புக்கொண்ட ஒரு காரியம் ஏறக்குறைய பாதி வீடுகளில் நடக்கவில்லை. இங்கே இரண்டு கேள்விகள் எழுகின்றன. வீட்டுக்கு வீடு குழாய்த் தண்ணீரும் ஐஸ்பெட்டியும், கூப்பிடு தூரத்தில் மருத்துவமனையும் உள்ள ஊரில் தாய்ப்பாலால் கிடைக்கும் நன்மை உண்மையில் எவ்வளவு? அது கணிசமானது என்றால், கிடைக்கவிடாமல் தடுப்பது எது? சான்றுகளைப் படித்தபின் எனக்குத் தோன்றுவது இது: நன்மை உண்மையானது. சில விஷயங்களில் சுவரொட்டி சொல்வதைவிடக் குறைவு, வேறு சிலவற்றில் சுவரொட்டி சொல்லாமல் விட்ட அளவுக்கு அதிகம். தடையைத் தாயின் அறியாமையில் தேடுவது வீண்; அது அவளுடைய வேலை நேரத்தில் இருக்கிறது.

வேலை நேரத்துக்கும் தாய்ப்பாலுக்கும் உள்ள பகை நம் சமூகத்துக்குப் புதிதல்ல. கிள்ளான் வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் நம் பெண்கள் விடியுமுன்பே பெரட்டு என்னும் ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, நிரை என்னும் மர வரிசைக்குப் போய் மரத்தைச் சீவி, மங்கு என்னும் கிண்ணத்திலிருந்து ரப்பர் பாலை எடுத்து ஸ்டோரில் ஊற்றிவிட்டு வீடு திரும்ப மதியம் ஆகிவிடும். அதுவரை கைக்குழந்தை ஆயாக் கொட்டகையில் கிடக்கும். வயதான ஒரு பெண், ஏணையில் தொங்கும் பல பிள்ளைகள், அழும் பிள்ளைக்குக் கரைத்துக் கொடுக்க டின் பால். 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டத்தொகுப்பு பிரசவ உதவித்தொகைக்கும் தோட்டக் குழந்தைக் காப்பகங்களுக்கும் வழி செய்தது. இந்திய அரசின் நெருக்குதலும், கூலியாட்களைத் தக்கவைத்துக்கொள்ள வேண்டிய முதலாளிகளின் தேவையும் அதன் பின்னணியில் இருந்தன. சட்டம் குழந்தைக்கு ஒரு கூரை கொடுத்தது. தாய் நடுவில் வந்து பால் கொடுத்துப்போக நேரம் கொடுத்ததா என்பது தோட்டத்து நிர்வாகத்தின் மனத்தைப் பொறுத்ததாகவே இருந்தது. தோட்டத்துப் பெண்கள் தாய்ப்பாலை வெறுத்துக் கைவிட்டார்கள் என்று யாரும் சொல்லிவிட முடியாது. மார்பில் பால் இருந்தது, பிள்ளைக்குப் பசியும் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் வேலைக்காடு இருந்தது.

அந்த இடைவெளியை நிரப்ப வந்த சர்க்கரையிட்ட டின் பாலின் கேட்டை உரக்கச் சொன்னவர் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர். ஆப்பிரிக்காவின் கோல்ட் கோஸ்ட்டில் குழந்தைகளை வாட்டிய குவாஷியோர்கர் என்ற சத்துக்குறை நோயை மருத்துவ உலகுக்கு எடுத்துக்காட்டியவர் இவரே. பின்னர் மலாயாவுக்கு மாற்றப்பட்டவர், 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் ‘பாலும் கொலையும்’ என்ற பொருள்படும் தலைப்பில் பேசினார். கொழுப்பு நீக்கிய, சர்க்கரை மிகுந்த, உயிர்ச்சத்து ஏ, டி இல்லாத டின் பாலைக் குழந்தை உணவு என்று பரப்புவது பச்சிளம் குழந்தைகளைச் சாகடிப்பதற்குச் சமம் என்று வணிகர்கள் கூடிய சபையிலேயே அவர் சொன்னார். போரின்போது ஜப்பானியரிடம் சிறைப்பட்டு மீண்டு, 1948-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய்சேய் நலப் பிரிவுக்கு முதல் தலைவர் ஆனார். அவர் பேச்சில் கோபம் இருந்தது, கண்ணால் கண்ட சாவுகளின் சாட்சியம் இருந்தது. எண்களைக் கொண்டு நிறுவும் வேலை இன்னொரு தலைமுறைக்கு மிஞ்சியது.

அந்த வேலை நடந்ததும் நம் நாட்டுத் தரவுகளைக் கொண்டுதான். 1976-77-இல் தீபகற்ப மலேசியாவில் 1,262 பெண்களிடம் அவர்கள் பெற்ற ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் கேட்டு ஒரு குடும்ப வாழ்வு ஆய்வு எடுக்கப்பட்டது. ஜான்-பியர் ஹபிச்ட், ஜூலி டவான்ஸோ, வில்லியம் பட்ஸ் என்ற மூவர் அதை அலசி 1986-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் எழுப்பிய கேள்வி இன்றும் எதிர்வாதக்காரர்கள் கேட்பதுதான்: தாய்ப்பால் உண்மையாகவே உயிர் காக்கிறதா, அல்லது அப்படித் தோன்றுகிறதா? பிறந்ததிலிருந்தே நோஞ்சானாக இருக்கும் குழந்தையால் உறிஞ்சிக் குடிக்க முடியாது. அது இறந்தால் ‘தாய்ப்பால் குடிக்காத குழந்தை இறந்தது’ என்று கணக்கில் ஏறும். காரணமும் விளைவும் இடம் மாறிவிடும். குறைப்பிரசவம், பிறப்பு எடை, தாயின் படிப்பு, வருமானம், வாழ்ந்த இடம் இவற்றையெல்லாம் கழித்துப் பார்த்த பிறகும் பாதுகாப்பு நின்றது. குடித்த மாதங்கள் கூடக்கூட அதுவும் கூடியது. வேறு உணவு கலந்து கொடுத்த குழந்தைகளுக்குக் குறைவாகவும் தாய்ப்பாலை மட்டும் குடித்தவர்களுக்கு அதிகமாகவும் இருந்தது. 1988-இல் அதே தரவுகளிலிருந்து இரண்டாவது கட்டுரை வந்தது. குழாய்த் தண்ணீரும் கழிப்பறையும் இல்லாத வீடுகளில் தாய்ப்பால் மிக அதிகமான உயிர்களைக் காத்தது. அவை உள்ள வீடுகளில் அந்த வேறுபாடு சுருங்கியது. தாய்ப்பாலை ஆதரிப்பவர்கள் முதல் கட்டுரையை விரும்பி மேற்கோள் காட்டுவார்கள், இரண்டாவதை அவ்வளவாகத் தொடுவதில்லை. நான் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பேன். 1957-இல் மலாயாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 75 பேர் அளவில் முதல் பிறந்தநாளைக் காணாமல் போனார்கள். இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் கொதித்து ஆறிய நீரில் பால்மாவு கரைத்துக் கொடுக்கும் தாயிடம் போய், உன் பிள்ளை உயிருக்கு ஆபத்து என்று சொல்வது உண்மையும் ஆகாது, நியாயமும் ஆகாது.

அப்படியானால் குழாய்த் தண்ணீர் வந்தபின் மிஞ்சும் நன்மை என்ன? இதற்கு ஓரளவு திடமான பதில் பெலாரஸ் நாட்டிலிருந்து கிடைத்திருக்கிறது. மைக்கேல் கிரேமர் தலைமையில் 31 மருத்துவமனைகளைச் சார்ந்து 17,046 தாய்-சேய் இணைகளை அங்கே ஆராய்ந்தார்கள். தாய்ப்பாலை யாருக்கும் மறுக்க முடியாது. ஆகவே குலுக்கல் முறையில் பாதி மருத்துவமனைகளில் தாய்ப்பாலூட்ட ஊக்கமும் பயிற்சியும் கொடுத்து, மற்றவற்றை வழக்கப்படி விட்டார்கள். மூன்றாம் மாதத்தில் முதல் பிரிவில் 43.3 விழுக்காட்டுக் குழந்தைகளும் இரண்டாம் பிரிவில் 6.4 விழுக்காட்டுக் குழந்தைகளும் தாய்ப்பாலை மட்டும் குடித்தார்கள். ஓராண்டுக்குள் வயிற்றுப்போக்கு முதலிய குடல் தொற்று கண்டவர்கள் முதல் பிரிவில் 9.1, இரண்டாம் பிரிவில் 13.2 விழுக்காடு; தோல் அழற்சி முறையே 3.3, 6.3. இது சுத்தமான தண்ணீரும் இலவச மருத்துவமும் உள்ள நாட்டின் கணக்கு என்பதால் கோலாலம்பூருக்குப் பொருந்தும். ஆனால் அதே குழந்தைகள் வளர்ந்தபோது உடல் பருமனிலும் ஆஸ்துமாவிலும் வித்தியாசம் தெரியவில்லை. ஆறரை வயதில் அறிவுத்திறன் தேர்வில் தெரிந்த ஏற்றம் 16 வயதில் பெரும்பாலும் மங்கிவிட்டது. அமெரிக்காவில் 2014-இல் சிந்தியா கோலென், டேவிட் ராமி இருவரும் ஒரே வீட்டில் பிறந்து ஒருவர் தாய்ப்பாலும் மற்றவர் புட்டிப்பாலும் குடித்த உடன்பிறப்புகளை ஒப்பிட்டபோதும், சொல்லப்பட்ட நீண்டகால நன்மைகளில் பல காணாமல் போயின. தாய்ப்பால் குடித்தால் பிள்ளை கெட்டிக்காரனாவான், குண்டாக மாட்டான் என்று அடித்துப் பேசுவதை நாம் நிறுத்திக்கொள்வது நல்லது. மிகைப்படுத்திய வாக்குறுதி பொய்த்துப்போனால், கேட்டவர் உண்மையான நன்மையையும் சேர்த்தே நம்பாமல் போய்விடுவார்.

உண்மையான நன்மை எங்கிருந்து வருகிறது என்பதில் புதிர் குறைவு. முதல் சில நாள் சுரக்கும் மஞ்சள்நிறச் சீம்பாலில் குடலின் உள்சுவரைக் காக்கும் எதிர்ப்புப் புரதங்கள் செறிந்திருக்கின்றன. தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத ஒருவகைச் சர்க்கரைகள் நிறைய உண்டு. அவை குடலில் வாழும் நல்ல கிருமிகளுக்கு உணவு. தாய் எந்தக் கிருமிச் சூழலில் வாழ்கிறாளோ அதற்கேற்ற எதிர்ப்புப் பொருளை அவள் உடல் உண்டாக்கிப் பால் வழியாகக் கொடுக்கிறது. இவற்றில் ஒன்றிரண்டைச் செயற்கையாகச் செய்து பால்மாவில் சேர்க்கிறார்கள், முழுவதையும் சேர்க்க முடியவில்லை. இந்த வேறுபாடு மிகக் கூர்மையாகத் தெரிவது குறைமாதக் குழந்தைகளிடம். குடல் அழுகிப்போகும் கொடிய நோய் அவர்களைத் தாக்கும். தாயிடம் பால் இல்லாத நிலையில் வேறு தாய் கொடுத்த பாலை ஊட்டுவதோடு ஒப்பிட்டால், பால்மாவு ஊட்டும்போது அந்நோய் ஏறக்குறைய இரண்டு மடங்கு வருகிறது. அதற்காகத்தான் மும்பையின் சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 2017-இல் ஒன்று வந்தது. மலேசியாவில் 2011-இல் தேசிய ஃபத்வா குழு வங்கி முறையை ஏற்கவில்லை. ஒரே தாயிடம் பால் குடித்தவர்கள் உடன்பிறப்பாகி, தமக்குள் மணமுடிக்க முடியாதவர்கள் ஆவார்கள் என்பது இஸ்லாமிய நெறி. யார் பால் யாருக்குப் போனது என்று தெரியாமல் கலப்பது அதற்கு முரண். இது மதிக்கத்தக்க கவலை. கொடுப்பவரும் பெறுபவரும் யார் என்று பதிவு செய்து, பாலைக் கலக்காமல் கொடுக்கும் வழி ஒன்றை மருத்துவர்களும் உலமாக்களும் சேர்ந்து அமர்ந்து காண முடியும் என்றே நினைக்கிறேன்.

சுவரொட்டிகள் போதிய அளவு சொல்லாதது தாய்க்குக் கிடைக்கும் நன்மையை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் திரட்டி 2002-இல் வெளியான கணக்கின்படி, ஒரு பெண் மொத்தமாகப் பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வரும் வாய்ப்பு 4.3 விழுக்காடு குறைகிறது. சிறிய எண்தான், ஆனால் மலேசியப் பெண்களுக்கு அதிகம் வரும் புற்று இதுவே. நமக்கு இன்னும் நெருக்கமானது நீரிழிவு. 2019-ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில் வயது வந்த மலேசிய இந்தியர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மலாய்க்காரரில் 22, சீனரில் 15.1. ஏறக்குறைய மூவரில் ஒருவர் என்பதே அந்த ஆண்டின் நிலை. கர்ப்பகால இனிப்பு நீர் கண்ட பெண்ணுக்குச் சில ஆண்டுகளில் அது நிலையாகத் தங்கிவிடும் வாய்ப்பு அதிகம் என்பதும் தெரிந்ததே. எரிக்கா கண்டர்சன் குழுவினர் கலிபோர்னியாவில் அப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பிரசவத்துக்குப் பின் இரண்டாண்டு தொடர்ந்து பார்த்தார்கள். அதிகமாகவும் அதிக நாளும் பாலூட்டியவர்களுக்கு நீரிழிவு குறைவாகவே வந்தது. அவர்களே பங்கெடுத்த இன்னோர் ஆய்வு, 1,238 பெண்களை 30 ஆண்டு பின்தொடர்ந்து 2018-இல் வெளியானது; மொத்தத்தில் ஓராண்டோ அதற்கு மேலோ பாலூட்டியவர்களுக்கு, பாலூட்டாதவர்களைவிட நீரிழிவு வரும் விகிதம் 47 விழுக்காடு குறைவு. இவை குலுக்கல் முறைச் சோதனைகள் அல்ல. உடல் பேணும் பழக்கமுள்ள பெண்களே அதிகம் பாலூட்டியிருக்கலாம் என்ற ஐயத்தை முழுவதும் துடைக்க முடியாது. ஆயினும் பால் சுரக்க உடல் இரத்தத்தின் சர்க்கரையையும் சேர்ந்த கொழுப்பையும் செலவிடுகிறது என்ற உடலியல் விளக்கமும், பாலூட்டும் காலம் கூடக்கூட நீரிழிவு குறையும் ஒழுங்கும் சேர்ந்து நிற்கும்போது, கிள்ளானில் ஒரு தமிழ்க் குடும்பம் இதைத் தள்ளிவிட முடியாது. ‘பிள்ளைக்கு நல்லது’ என்று மட்டும் சொல்லிப் பெண்ணின் தோளில் சுமையேற்றி வந்தோம். அவளுக்கே நல்லது என்பதை இத்தனை நாள் அவளிடம் சொல்லாமல் இருந்திருக்கிறோம்.

‘பால் பத்தவில்லை’ என்பது எல்லா வீடுகளிலும் எழும் மறுப்பு. உண்மையிலேயே போதிய பால் சுரக்காத பெண்கள் உண்டு. அவர்களுக்குப் பால்மாவு வேண்டும், அதில் குற்றம் எதுவுமில்லை. ஆனால் பெரும்பாலான வீடுகளில் நடப்பது வேறு. முதல் இரண்டு நாள் சீம்பால் சில சொட்டுதான் வரும், பிறந்த குழந்தையின் வயிறும் அவ்வளவு சிறியது. அதைப் பார்த்துப் பயந்து சர்க்கரைத் தண்ணீரோ ஒரு போத்தல் பாலோ கொடுக்கிறார்கள். வயிறு நிறைந்த குழந்தை சப்பாது. சப்பாத மார்பில் சுரப்பு குறையும். கடைசியில் பயந்ததே நடக்கும். வெயிலுக்குத் தாகம் எடுக்குமே என்று நீர் கொடுப்பதும் அப்படித்தான். தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கும் மேல் தண்ணீரே. மஞ்சள் காமாலை கண்டால் தாய்ப்பாலை நிறுத்து என்று அக்கம்பக்கத்தார் சொல்வதும் பெரும்பாலும் தவறான ஆலோசனை; அடிக்கடி பாலூட்டுவதே மஞ்சளை மலத்தோடு வெளியேற்றும், அளவு ஏறினால் ஒளிச் சிகிச்சை இருக்கிறது. அதேசமயம் நம் பழைய முறைகளில் காக்க வேண்டிய ஒன்று உண்டு. பச்சை உடம்புக்காரியை எழுந்திருக்க விடாமல், பூண்டும் சுறாப் புட்டும் கருவாடும் கொடுத்து, வீட்டு வேலையிலிருந்து விலக்கிப் பிள்ளையோடு படுக்க வைத்தார்கள் நம் பாட்டிமார். பூண்டு பால் சுரக்க வைக்கிறதா என்பதற்குச் சான்று மெலிந்தது. ஓய்வும், பிள்ளை பக்கத்திலேயே கிடப்பதும் சுரக்க வைக்கும் என்பதில் ஐயமில்லை.

இன்னொரு மறுப்பு கூர்மையானது. தாய்ப்பால் பிரசாரம் பெண்ணைக் குற்றவாளி ஆக்குகிறது, அவள் உடல் மீது ஊரார் தீர்ப்புச் சொல்ல வைக்கிறது என்பார்கள். இதில் பாதி உண்மை இருக்கிறது. எச்.ஐ.வி. உள்ள தாய்க்கு மலேசிய மருத்துவமனைகள் பால்மாவையே பரிந்துரைக்கின்றன. தாயிடமிருந்து குழந்தைக்கு அந்நோய் பரவுவதை ஒழித்ததற்காக 2018-இல் உலகச் சுகாதார நிறுவனம் இந்நாட்டுக்குச் சான்றளித்ததில் அந்தப் பால்மாவுக்கும் பங்குண்டு. பால்மாவு தேவைப்படும் இடம் இருக்கிறது. ஆனால் தேர்ந்தெடுக்கும் உரிமை என்பது தேர்ந்தெடுக்க வழியிருந்தால்தான் பொருள்படும். அந்த வழியை முதலில் அடைப்பது விளம்பரம். பேரங்காடியில் ஒன்று, இரண்டு, மூன்று என்று படிப்படியாக எண்ணிட்டு ஒரே நிறத்தில் அடுக்கிய டின்கள், ஒரு வயதுக் குழந்தைக்கான பாலை விளம்பரம் செய்யும் சாக்கில் கைக்குழந்தைக்கான பாலையும் விற்றுக் கொடுக்கின்றன. மலேசியா 1979-லேயே பால்மாவு விற்பனைக்கு நெறிமுறை வகுத்த நாடு. உலக நெறிமுறை 1981-இல்தான் வந்தது. அன்வர் பஸால் முன்னின்று நடத்திய இயக்கத்தில் பினாங்கில் வேரூன்றிய உலகத் தாய்ப்பால் கூட்டணிதான் 1992 முதல் ஆகஸ்டு முதல் வாரத்தைத் தாய்ப்பால் வாரமாக்கியது. 1998-க்குள் அரசாங்க மருத்துவமனைகள் அனைத்தும் தாய்ப்பாலூட்டலை ஆதரிக்கும் ‘குழந்தை நேய’ மருத்துவமனைகள் ஆயின. இவ்வளவு செய்த நாட்டில் அந்த நெறிமுறை இன்னும் நெறிமுறையாகவே நிற்கிறது. இந்தியா 1992-இலேயே அதைத் தண்டனையுள்ள சட்டமாக்கிவிட்டது.

ஆனாலும் விளம்பரத்தை நாளையே நிறுத்தினாலும் பாதிக் கதவுதான் திறக்கும். மீதிக் கதவு வேலையிடத்தில் இருக்கிறது. 2023 ஜனவரி முதல் மலேசியத் தனியார் துறையில் பிரசவ விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. நல்ல சட்டம். 98 நாள் என்றால் 14 வாரம்; அரசாங்கமே பரிந்துரைக்கும் ஆறு மாதம் 26 வாரம். இடையில் விழும் 12 வாரத்தில் என்ன நடக்கிறது? கிள்ளானிலிருந்து கோமுட்டர் ரயிலில் ஏறிக் கேஎல் சென்ட்ரல் வரை ஏறத்தாழ ஒரு மணி நேரம், அங்கிருந்து அலுவலகம். வீட்டை விட்டு இறங்கித் திரும்பிச் சேரப் பதினோரு மணி நேரம் ஆகிறது. மூன்று மணிக்கொரு தரம் பாலைப் பீய்ச்சி எடுக்காவிட்டால் மார்பு கட்டிக்கொண்டு கல்லாகும், காய்ச்சல் வரும், சில நாளில் சுரப்பே குறைந்துவிடும். எடுத்த பால் அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம்தான் தாங்கும். ஐஸ்கட்டி வைத்த பையில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுபோய்க் குளிர்பெட்டியில் வைக்க வேண்டும். இதற்கு ஒருமுறைக்கு இருபது முப்பது நிமிடமும், தாழ்ப்பாள் உள்ள ஓர் அறையும், கை கழுவ ஒரு குழாயும் போதும். பெரிய அலுவலகங்களில் இவை உண்டு. ஷா ஆலம், சுங்கைவே தொழிற்சாலைகளில் இயந்திர வரிசையை விட்டு நகர அனுமதி கேட்டு நிற்கும் பெண்ணுக்கும், அலுவலகக் கழிவறைகளைக் கழுவும் குத்தகைத் தொழிலாளிக்கும் அந்த இடைவேளையைச் சட்டம் உறுதி செய்யவில்லை. பால் எடுக்கும் பம்ப் வாங்க ஆயிரம் ரிங்கிட் வரை வரிச் சலுகை உண்டு; வருமான வரி கட்டும் அளவுக்குச் சம்பளம் இல்லாதவளுக்கு அதனால் என்ன பயன்?

இந்தியாவில் 1961-ஆம் ஆண்டுப் பிரசவ நலச் சட்டமே குழந்தைக்கு 15 மாதம் ஆகும்வரை நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை கொடுத்தது. 2017-இல் விடுப்பு 26 வாரமானது, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயமானது. அதைப் பார்த்து இங்கேயும் இப்படிச் சட்டம் போட்டால் முதலாளிகள் பெண்களை வேலைக்கே எடுக்க மாட்டார்கள் என்று எதிர்ப்பு கிளம்பும். அது வெற்று மிரட்டல் என்று நான் சொல்ல மாட்டேன். மலேசியாவில் பிரசவ விடுப்புச் சம்பளம் முழுவதும் முதலாளியின் கையிலிருந்தே போகிறது. ஜாலான் துன் சம்பந்தனில் நான்கு பெண்களை வைத்துத் துணிக்கடை நடத்துபவருக்கு ஒருத்தியின் 98 நாள் சம்பளமே பெரிய செலவு. அதை 26 வாரமாக்கச் சொன்னால் அவர் பையன்களை வைத்துக்கொள்வார். அதனால்தான் விடுப்பை நீட்டுவதற்கு முன் அதற்கான பணம் எங்கிருந்து வரும் என்பதை மாற்ற வேண்டும் என்கிறேன். ஆண், பெண் இருவரின் சம்பளத்திலிருந்தும் எல்லா முதலாளிகளிடமிருந்தும் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான பெர்கேசோ ஏற்கனவே சந்தா வாங்குகிறது. அதில் ஒரு சிறு பங்கைப் பிரசவ காலத்துக்கு ஒதுக்கினால் சுமை பெண்களை வேலைக்கு வைப்பவர் தலையில் மட்டும் விழாது. பாலூட்டும் இடைவேளைக்கோ அவ்வளவு பணமும் வேண்டாம்: வேலைச் சட்டத்தில் ஓர் உட்பிரிவு, அதைக் குத்தகைத் தொழிலாளிக்கும் சிறு கடைக்கும் பொருந்தும்படி எழுதுவது, மீறினால் புகார் கொடுக்கத் தொழிலாளர் இலாகாவில் ஒரு வழி.